பசித்த சிசுவும் பார்க்கும் கண்களும்

பிரசவமாகி ஆறாவது வாரத்தில், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு வருவதற்காக ஒரு புதன்கிழமைக் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புறப்படுகிற இளந்தாய் ஒருத்தி, வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்னால் மனத்துக்குள் போட்டுப் பார்க்கும் கணக்குகளை அவள் வீட்டு ஆண்கள் பெரும்பாலும் அறிவதில்லை. கிளம்புவதற்குச் சற்று முன்பு பால் கொடுத்துவிட்டால் எவ்வளவு நேரம் தாங்கும், பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைக்குமா, பக்கத்தில் வந்து உட்காருகிறவர் யாராயிருப்பார், வரிசை நீண்டுவிட்டால் என்ன செய்வது, எந்த உடை உடுத்தினால் அவசரத்துக்குச் சௌகரியம், அம்மாவோ நாத்தனாரோ துணைக்கு வருவார்களா என்று ஒன்றன்பின் ஒன்றாக எண்ணி, ஒன்றுக்கும் நிச்சயமான விடை காணாமல், கடைசியில் ஒரு புட்டியையும் பவுடர்பால் டப்பாவையும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பைக்குள் வைத்துக்கொள்கிறாள். மார்பில் பால் நிறைந்திருக்கையில் பையில் புட்டி ஏறுவதற்கு அவளுடைய உடம்பில் உள்ள குறை எதுவும் காரணமல்ல. வீதியில் உள்ள நம்முடைய கண்களே காரணம்.

ஊசி குத்தியவுடன் குழந்தை வீறிட்டு அழும். அப்போது அதைச் சமாதானப்படுத்த மார்போடு அணைத்துப் பால் கொடுப்பதைவிடச் சிறந்த உபாயம் இல்லை என்பது பாட்டிமார் காலங்காலமாக அறிந்ததுதான். உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் வெளியிட்ட தன் ஆலோசனையில், தடுப்பூசியின் வலியைத் தணிக்க ஊசி போடும் வேளையில் தாய்ப்பால் கொடுப்பதைச் சிபாரிசு செய்திருக்கிறது. ஆகவே நம் தேசத்துப் பெண்களில் அநேகருக்கு, நான்கு சுவர்களுக்கு வெளியே, முன்பின் தெரியாதவர்கள் மத்தியில் முதன்முதலாகப் பால் கொடுக்க நேருகிற சந்தர்ப்பம் சுகாதார நிலையத்தின் அந்த நீண்ட பெஞ்சிலேயே வாய்க்கிறது. அந்த முதல் அனுபவம் பக்கத்திலிருந்த ஒரு பெண்மணியின் புன்சிரிப்போடு முடிந்ததா, எதிரே நின்றவரின் வெறித்த பார்வையோடு முடிந்ததா என்பதைப் பொறுத்து, அடுத்த பல மாதங்களுக்கு அவள் வெளியே போவதும் போகாதிருப்பதும் தீர்மானமாகிவிடுவதை நான் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன்.

‘வீட்டில் கொடுத்துக்கொள்ளக் கூடாதா, வெளியில்தான் கொடுக்க வேண்டுமா?’ என்று கேட்கிறவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். குழந்தையின் வயிற்றைப் பற்றி யோசித்துப் பாராதவர்கள். பிறந்து சில வாரங்களே ஆன சிசுவின் இரைப்பை மிகச் சிறியது. தாய்ப்பாலோ விரைவில் ஜீரணமாகிவிடுவது. ஆகையால் ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை அது பால் குடிக்கிறது. அந்தத் தடவைகள் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு வருகிறவையும் அல்ல; வெயில் ஏறினால் தாகத்துக்கும், கூட்டத்தைக் கண்டு மிரண்டால் ஆறுதலுக்கும், தூக்கம் வந்தால் தூங்குவதற்கும் அது தாயின் மார்பையே தேடுகிறது. முதல் ஆறு மாதம் தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பால் ஒன்றே போதும் என்றும், அதற்குப் பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்றும் வைத்திய சாஸ்திரம் நமக்குச் சொல்லுகிறது. அந்த உபதேசத்தைச் சுவரொட்டிகளில் அச்சிட்டு ஊரெங்கும் ஒட்டிவிட்டு, அதன்படி நடக்கிற தாயைப் பார்த்து ‘மறைவில் போய்க் கொடு’ என்று நாம் சொல்வோமானால், இரண்டு வருஷகாலம் நீ வீட்டை விட்டு நகராதே என்று ஆக்கினை செய்தவர்களாகிறோம். தாய்க்குச் சந்தை உண்டு, வங்கி உண்டு, கல்யாணம் உண்டு, கோயில் உண்டு, பிறந்தகம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிழைப்பு உண்டு.

இவ்விஷயத்தில் சங்கோசம் என்பதை வெறும் மன உணர்ச்சியாக எண்ணி ஒதுக்கிவிடுவதற்கில்லை. அது தேகத்திலும் வேலை செய்கிறது. குழந்தை சப்பத் தொடங்கியதும் தாயின் மூளைக்குச் செய்தி போய், அங்கிருந்து ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து, மார்பகத்தின் நுண்ணிய பைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருங்கச் செய்கிறது. அப்போதுதான் உள்ளே ஊறியிருக்கும் பால் குழாய்கள் வழியே வெளியே பாய்கிறது. குழந்தையின் அழுகுரலைக் கேட்ட மாத்திரத்திலேயே, ஏன், குழந்தையை நினைத்த மாத்திரத்திலேயே சிலருக்குப் பால் வடிந்து ரவிக்கை நனைந்துவிடுவதும் இதனால்தான். ஆனால் வலியும் அச்சமும் வெட்கமும் இந்த ஆக்ஸிடோசினைத் தற்காலிகமாகத் தடுத்து நிறுத்த வல்லவை. பழக்கமில்லாத கை தொட்டால் பசு பாலை அடக்கிக்கொள்ளும் என்று மாடு வளர்ப்போர் சொல்வது மனித சுபாவத்துக்கும் பொருந்துகிற உண்மையே. எதிர் இருக்கைக்காரர் பார்க்கிறார் என்று தாய் கூசுகிறாள். கூச்சத்தால் பால் இறங்கத் தாமதிக்கிறது. தாமதத்தால் குழந்தை இன்னும் உரக்க அழுகிறது. அழுகையால் பேருந்து முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. அதனால் அவள் மேலும் கூசுகிறாள். இந்தச் சுழலில் ஒரு தடவை அகப்பட்ட இளந்தாய், ‘எனக்குப் பால் போதவில்லை போலிருக்கிறது’ என்று தன்னைத்தானே நொந்துகொண்டு வீடு திரும்புகிறாள். பால் போதாமல் இல்லை. அதைச் சுரக்க அவளுக்கு நாம் அமைதி கொடுக்கவில்லை.

அதன் பின்னர் நேருவது எளிதில் ஊகிக்கத்தக்கதே. வெளியில் போகும்போது மட்டும் என்று தொடங்கிய புட்டி இரவிலும் வருகிறது. மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும் என்பது இயற்கையின் ஏற்பாடாதலால், புட்டி குடித்த வேளைகளில் பால் கட்டிக்கொண்டு வலியெடுப்பதோடு, நாளடைவில் சுரப்பும் குறைகிறது. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் பிரசவங்களில் நூற்றுக்கு 99.6 ஆஸ்பத்திரிகளில் நிகழ்ந்தன என்று தெரியவந்தது. இந்தியாவின் வேறு பல மாகாணங்கள் எட்டிப் பிடிக்க முடியாத பெருமை அது. அதே ஆய்வில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மாத்திரமே குடித்தவை இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 63.7 ஆக இருக்க, தமிழ்நாட்டில் 55.1 ஆகவே இருந்தன. அறுவைச் சிகிச்சைப் பிரசவங்களின் மிகுதி, உத்தியோகம், பவுடர்பாலின் ஆகர்ஷணம் என்று இதற்குக் காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் பொது இடத்துக் கூச்சத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனாலும் படித்த, பிரயாணம் செய்கிற, உத்தியோகம் பார்க்கிற பெண்கள் மிகுந்த ஒரு மாகாணத்தில், வெளியிடத்தில் பால் கொடுக்க முடியாத நிலை அக்காரணங்களுள் ஒன்றாயிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வெட்கம் நம் மரபிலிருந்து வந்தது என்று சொல்வாரும் உளர். அவர்கள் மரபைச் சற்று நிதானமாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துக்கொண்டு, உறங்கும் கண்ணனைப் பால் குடிக்க எழுந்து வரும்படி அழைத்து ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அதை இன்றும் வைணவ ஆலயங்களில் புருஷர்கள் கூடி நின்று உரத்த குரலில் சேவிக்கிறார்கள். சீகாழியில், குளக்கரையில் தந்தையைக் காணாமல் பசித்து அழுத மூன்று வயதுப் பிள்ளைக்கு உமையம்மை தன் பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து கொடுத்தாள் என்பது சேக்கிழார் விரித்துரைத்த வரலாறு. சித்திரை மாதத்தில் அவ்வூரில் நடக்கும் திருமுலைப்பால் உற்சவத்துக்கு ஜனங்கள் குழந்தைகளோடு திரளுகிறார்கள். பாலை நைவேத்தியமாக வைத்து வழிபடுகிறார்கள். தாயின் பாலைப் பேசுவதும் பாடுவதும் பூசிப்பதும் ஒருநாளும் நமக்கு அசுத்தமாகப் பட்டதில்லை. அந்த உற்சவக் கூட்டத்திலேயே, மண்டபத் தூண் ஓரமாக ஒருத்தி தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால், அவளிடம் போய் ‘இது கோயில்’ என்று எச்சரிக்கிற அதிகாரம் எவருக்கும் எந்த ஆகமத்தாலும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

உழைக்கும் பெண்ணுக்கோ இந்தச் சங்கடம் வெகுகாலம் தெரியவே தெரியாது. நாற்று நடுகிற இடத்தில் வரப்போரத்து மரக்கிளையில் சேலைத் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, அது அழும்போது சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து வரப்பிலேயே அமர்ந்து பசியாற்றி, மறுபடியும் நடவில் இறங்கிய பெண்களின் வயிற்றில் பிறந்தவர்களே நம்மில் பெரும்பாலோர். சித்தாள் வேலைக்குப் போகிறவள் செங்கல் அடுக்கின் நிழலில் பால் கொடுக்கிறாள். பூக்காரி கூடைக்குப் பின்னால் கொடுக்கிறாள். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போன தாய்மார், இடையே வந்து பால் கொடுத்துப் போவது தோட்டத்து நாளின் ஓர் அங்கமாகவே இருந்தது. இப்படிச் சொல்வதால், பழைய காலம் பொற்காலம் என்று நான் ஸ்தாபிக்க வருவதாக எண்ண வேண்டாம். ஏழைப் பெண் திறந்த வெளியில் பால் கொடுத்ததற்கு அவளுக்கு வேறு வழியில்லை என்பதும் ஒரு காரணம். அவளைப் பொருட்படுத்திப் பார்க்க வேண்டும் என்று மேட்டிமைக்காரர் நினைக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

மேலும் இந்த நாட்டின் தென்கோடியில், மார்பை மறைத்துக்கொள்வதே ஒரு காலத்தில் போராடிப் பெற வேண்டிய உரிமையாயிருந்தது என்பதை நாம் மறப்பதற்கில்லை. திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நாடார் முதலிய ஜாதிப் பெண்கள் தோள்சீலை அணிவது, மேல்ஜாதியாருக்குச் செய்யும் அவமரியாதையாகக் கருதப்பட்டது. அணிந்த பெண்களின் துணியைச் சந்தைவெளிகளில் கிழித்தெறிந்தார்கள். வீடுகளும் பள்ளிகளும் தீக்கிரையாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியெங்கும் விட்டுவிட்டு நடந்த அந்தக் கலகத்தின் முடிவில், சென்னைக் கவர்னர் சார்லஸ் டிரெவெலியனின் நிர்ப்பந்தத்தின் பேரில், 1859-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று திருவிதாங்கூர் மகாராஜா பிரகடனம் செய்தார். அதிலும் மேல்ஜாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனை எஞ்சியிருந்தது. பாட்டியின் பாட்டி இரத்தம் சிந்தி வாங்கிய துணி அது. ஆகையால், பால் கொடுக்கும்போது மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொள்ள விரும்புகிற பெண்ணைப் பார்த்து, ‘நீ இன்னும் விடுதலையடையவில்லை’ என்று ஏளனம் செய்யும் நவநாகரிகர்களோடு என்னால் உடன்பட முடியாது. போர்த்திக்கொள் என்று கட்டளையிடுவோரோடும் உடன்பட முடியாது. திறந்துகொள்ளாதே என்பதும், மறைத்துக்கொள்ளாதே என்பதும், அவளுடைய தேகத்தின்மீது அன்னியர் செலுத்துகிற ஒரே ஆதிக்கத்தின் இரண்டு குரல்களே. 2018-ஆம் ஆண்டு மலையாளப் பத்திரிகை ஒன்று, பாலூட்டும் பெண்ணின் படத்தை மேலட்டையில் வெளியிட்டு அதன் மேல் வழக்கு மூண்டபோது, அந்தப் படத்தில் ஆபாசத்தைத் தம்மால் காண முடியவில்லை என்று கேரள உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அது வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் அட்டைப்படத்தின் துணிவை எல்லாத் தாய்மாருக்கும் பிரமாணமாக்க வேண்டிய அவசியமில்லை.

போர்வையைப் பற்றி இன்னொரு விஷயம், அதுவும் முற்றிலும் லௌகிகமானது. சித்திரை வெயிலில், மின்விசிறி இல்லாத பேருந்தில், ஒரு துணிக்குள் முகத்தை மூடிப் பால் குடிக்கிற குழந்தைக்கு வேர்த்துக் கொட்டும்; அது துணியைப் பிய்த்து எறியத்தான் செய்யும். பிறந்த சில வாரங்களுக்கு ஒரு சாண் தூரத்துக்குமேல் தெளிவாகப் பார்க்க முடியாத அந்தக் கண்கள், பால் குடிக்கும் நேரத்தில் தேடுவது தாயின் முகத்தை. குழந்தை சரியாக வாய் பொருத்திப் பிடித்திருக்கிறதா என்று தாயும் பார்த்தாக வேண்டும். காம்பை மாத்திரம் கவ்வியிருந்தால் புண்ணாகிவிடும். எனவே முழுதும் மூடுகிற போர்வையைவிட, தோளிலிருந்து சரியும் முந்தானையே மேலானது. பக்கவாட்டிலிருந்து பார்ப்போர் கண்ணை அது தடுக்கும், மேலிருந்து பார்க்கும் தாயின் கண்ணைத் தடுக்காது. முன்புறம் கொக்கி வைத்த ரவிக்கையும் முந்தானையும் சேர்ந்து, நம் பாட்டிமாருக்கு இந்தக் கஷ்டம் தெரியாமல் செய்திருந்தன. முதுகுப்புறம் ஜிப் வைத்த சுடிதார் வந்தபிறகுதான், பால் கொடுப்பதற்கு மேலாடை முழுவதையும் தூக்க வேண்டிய தர்மசங்கடம் வந்தது. சேலைக்குத் திரும்புங்கள் என்று இக்காலப் பெண்களுக்கு நான் சொல்ல வரவில்லை. பக்கவாட்டு மடிப்புகளில் மறைவாக ஜிப் வைத்துத் தைத்த குர்த்திகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன, தெருமுனைத் தையற்காரரிடம் சொன்னாலும் பழைய சுடிதாரில் வைத்துத் தருவார். உள்ளே ஒரு பனியன் அணிந்து, அதை இறக்கி, மேலாடையைச் சிறிது உயர்த்திக்கொண்டால் வயிறும் தெரியாது.

கண்களைப் பற்றிச் சொன்னேன். பால் குடிக்கும் பிள்ளையின்மேல் கண் படும் என்று பெரியவர்கள் முந்தானையை இழுத்துவிடுவது, மூடநம்பிக்கை என்று தள்ளத்தக்கதேயானாலும், அதன் பயன் தாய்க்கும் சேய்க்கும் கொஞ்சம் தனிமையைச் சம்பாதித்துத் தருவதாயிருந்தது. பிறர் பார்வையைத் தாயின் குற்றமாக்காமல், பார்க்கிறவனுடைய குற்றமாக அது வைத்தது. இன்றைய கண் மனிதன் முகத்தில் இல்லை. அவன் கையில் இருக்கிறது. பேருந்தில் தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறவர் செய்தி படிக்கிறாரா, படம் எடுக்கிறாரா என்று ஒரு பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அப்படி எடுத்த படம் எத்தனை ஆயிரம் பேர் கைக்குப் போகும் என்ற கலவரம், எந்தப் பாட்டிக்கும் இருந்திராத புதிய கலவரம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-இல் இயற்றிய சட்டமொன்றின்படி, பாலூட்டும் தாயை அவள் சம்மதமின்றிக் காம நோக்கத்தோடோ, அவளை இழிவுபடுத்தவோ துன்புறுத்தவோ கருதியோ படமெடுப்பது தனிக் குற்றமாக்கப்பட்டிருக்கிறது. நம் தேசத்திலும் அது போன்ற ஒரு விதி தெளிவான வாசகத்தில் வர வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் கேட்குமானால், அந்தக் கோரிக்கைக்கு முதல் கையொப்பம் ஆண்கள் இடுவதே கௌரவம்.

தமிழ்நாட்டு அரசாங்கம் இவ்விஷயத்தில் கண்மூடியிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா மாகாணமெங்கும் 352 பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். இந்தியாவில் வேறெங்கும் அதுவரை அவ்வளவு விரிவாகச் செய்யப்படாத காரியம் அது. பெண்ணொருத்தியின் மனத்தில் தோன்றியதனாலேயே அது நடந்தது என்றும் நான் கருதுகிறேன். ஆனால் அந்த அறைகளில் பலவற்றின் இன்றைய நிலை மனத்துக்கு வேதனை தருவது. நான் கண்டவற்றுள், பூட்டுப் போட்டுச் சாவி யாரிடம் இருக்கிறதென்று தெரியாதது ஒன்று. துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் அடைந்தது ஒன்று. கழிப்பறையின் சுவரோடு சுவராகக் கட்டப்பட்டு, நாற்றத்தால் ஒரு நிமிஷமும் இருக்க முடியாதது ஒன்று. திறந்திருந்த ஓர் அறையிலோ விசிறி சுழலவில்லை, உட்காரச் சிமெண்டுத் திண்ணைதான். பச்சை உடம்புக்காரி, அதுவும் வயிற்றில் தையல் ஆறாதவள், சாய்மானமில்லாத திண்ணையில் குனிந்து எவ்வளவு நேரம் பால் கொடுப்பாள்? சாய்வும் கைப்பிடியும் உள்ள நான்கு நாற்காலிகள், ஒரு விசிறி, கை கழுவக் குழாய், துணி மாற்ற ஒரு மேஜை, குப்பைத் தொட்டி, உட்புறத் தாழ்ப்பாள், காலையிலும் மாலையிலும் கூட்டிப் பெருக்க ஒரு பெண் ஊழியர், வேண்டியது இவ்வளவே. அறை கட்டுவதற்குச் செலவழித்த பணத்தில் மிகச் சிறு பாகம்தான் அதைப் பேணுவதற்கு ஆகும்.

ஆனாலும் அறை எவ்வளவு சிறப்பாயிருந்தாலும், அது ஓர் உபகாரமாக இருக்கலாமேயொழிய, எல்லையாக ஆகிவிடக் கூடாது. நான் அதிகமாக அஞ்சுவது இதைத்தான். ‘அதற்குத்தான் அறை இருக்கிறதே, இங்கே ஏன் கொடுக்கிறாய்?’ என்று கேட்கும் துணிவு, அறை உண்டானபின் நம் ஜனங்களுக்கு வந்திருக்கிறது. திண்டிவனத்தைத் தாண்டிய பேருந்தில் பசித்த குழந்தைக்குத் திருச்சிப் பேருந்து நிலையத்து அறையால் என்ன பிரயோஜனம்? 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்ய அரசாங்கம் வழி செய்ததிலிருந்து, முன்பு வெளியே வராத எத்தனையோ தாய்மார் கைக்குழந்தைகளோடு வருகிறார்கள். அவர்கள் பால் கொடுக்கிற இடம் அந்தப் பேருந்தின் இருக்கைதான். 2018-இல் கொல்கத்தாவின் பேரங்காடி ஒன்றில் பால் கொடுக்க இடம் கேட்ட ஒரு தாயைக் கழிப்பறைக்குப் போகச் சொன்ன செய்தி தேசமெங்கும் பேசப்பட்டது. நம்மில் எவரும் தம் சாப்பாட்டு இலையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகச் சம்மதிப்போமா என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் தேவையில்லை. ஸ்காட்லாந்தின் பார்லிமெண்டு 2005-ஆம் ஆண்டிலேயே, பொது இடத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பதைத் தடுப்பவர் தண்டனைக்குரியவர் என்று சட்டம் செய்துவிட்டது. அங்கே அறை தேவையா இல்லையா என்பது பிற்பாடு வரும் கேள்வி. குழந்தை எங்கே இருக்கிறதோ அதுவே பால் குடிக்கும் இடம் என்பது முதலில் நிலைநாட்டப்பட்டது.

நம் உச்ச நீதிமன்றமும் 2025 பிப்ரவரி 19 அன்று, நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, பிரசன்னா பி. வராலே ஆகியோர் அளித்த தீர்ப்பில் இதன் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது. பொதுக் கட்டடங்களில் பாலூட்டும் அறைகளும் குழந்தைக் காப்பிடங்களும் அமைக்கும்படி மாகாணங்களுக்கு நினைவூட்டச் சொன்னதோடு அது நிற்கவில்லை. பெண்களின் கண்ணியத்துக்கு இழுக்கான வழக்கங்களைக் கைவிடுவது அரசியல் சாசனத்தின் 51அ(உ) பிரிவின்படி ஒவ்வொரு பிரஜையின் கடமை என்பதைச் சுட்டி, பொது இடங்களிலும் பணியிடங்களிலும் தாய்மார் பாலூட்டுவதை இழிவாகக் கருதலாகாது என்றும் கூறியது. அறை கட்டுவது அரசாங்கத்தின் கடமை, அவமானப்படுத்தாதிருப்பது நம் கடமை என்று இரண்டையும் அத்தீர்ப்பு பிரித்து வைத்திருப்பதாகவே நான் படிக்கிறேன்.

இனி, நாளையே வெளியில் போக வேண்டிய இளந்தாய்க்குச் சட்டமும் தீர்ப்பும் உடனே உதவப்போவதில்லை. ஆகையால் அவளிடம் ஒரு மூத்தவளாகச் சில வார்த்தை. வீட்டில் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து, வெளியில் உடுத்தப்போகும் உடையோடு ஒரு தடவை பால் கொடுத்துப் பார், அம்மா. நீ அஞ்சுகிற அளவுக்கு ஒன்றுமே வெளியில் தெரிவதில்லை என்பதை உன் கண்ணே உனக்குச் சொல்லும். குழந்தை உரக்க அழும்வரை காத்திராதே. முதலில் அது தலையை இப்படியும் அப்படியும் திருப்பி மார்பைத் தேடும், கையை வாயில் வைத்துச் சப்பும். அழுகை வருவது எல்லாவற்றுக்கும் கடைசியில். அந்த முதல் அடையாளத்திலேயே எடுத்துப் பொருத்திவிட்டால், அது ஓசையின்றிக் குடித்துத் தூங்கிவிடும். பக்கத்திலிருப்பவர் நீ பிள்ளையை மடியில் போட்டுத் தூங்கவைப்பதாகவே எண்ணுவார். முதல் சில தடவை அம்மாவையோ, அக்காவையோ, கணவரையோ கூட அழைத்துப் போ. வழியடைத்து உட்கார ஓர் ஆள் இருந்தால் மனம் தைரியப்படும், மனம் தைரியப்பட்டால் பால் இறங்கும். பேருந்தில் ஜன்னலோரம் கேள், கேட்பதற்குக் கூசாதே. முதுகைச் சாய்த்துக்கொள்; குழந்தையை உன்னிடம் உயர்த்து, நீ குழந்தையிடம் குனியாதே; மடியில் உன் கைப்பையை வைத்தால் அதுவே தலையணை. வழியில் கழிப்பறை கிடைக்காதென்று பயந்து தண்ணீர் குடியாமலிருக்கிறாயே, அது உன் உடம்புக்கு ஆகாது. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கத்தான் செய்யும், தாகம் தோன்றும்போதெல்லாம் குடி. யாராவது வெறித்துப் பார்த்தால் நீ தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதில்லை; நிமிர்ந்து அவரை ஒரு முறை பார், பெரும்பாலோர் திரும்பிக்கொள்வார்கள்.

அவளைச் சுற்றியிருக்கிற நாம் செய்ய வேண்டியது அதைக் காட்டிலும் எளிது. ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுப்பதும், அவள் பையையும் குடையையும் வாங்கி வைத்துக்கொள்வதும், கூட நின்றிருக்கும் மூத்த பிள்ளையைச் சற்று நேரம் பேச்சுக் கொடுத்துப் பார்த்துக்கொள்வதும், பிறகு நம் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் போதும். நடத்துனர், காவலாளி, கடை மேற்பார்வையாளர் ஆகிய இம்மூவரும்தான் ஒரு தாயை எழுந்து போகச் சொல்லும் நிலையில் இருப்பவர்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரத்தில் ஆஸ்பத்திரிகளில் தாய்மாரைக் கூட்டித் தாய்ப்பாலின் மகிமையைப் பிரசங்கிக்கிறோமே, அந்த மகிமையை நன்கறிந்த தாய்மாருக்கு மறுபடியும் அதைச் சொல்வதைவிட, அந்த வாரத்தில் ஒரு நாளை இம்மூவருக்கென்று ஒதுக்கிப் பணிமனைகளிலும் கடைவீதிகளிலும் பேசினால் பலன் அதிகம்.

உத்தியோகத்தில் உள்ள தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினம் இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே விதித்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. பெரிய அலுவலகங்களுக்கு அது போதும். ஆனால் ஜவுளிக்கடையில் பத்துப் பேரோடு வேலை பார்க்கிற பெண்ணுக்கும், அங்கே துணி எடுக்க வந்த பெண்ணுக்கும் அதனால் விமோசனமில்லை. நாள் முழுவதும் நின்றே வேலை செய்த கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று, 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் நம் சட்டமன்றம் 22-அ என்று ஒரே ஒரு பிரிவைச் சேர்த்தது. கடைகளில் நாற்காலிகள் வந்தன. அதே சட்டத்தில், அதே அளவிலான இன்னொரு பிரிவு வேண்டும்: கடைக்குள் எந்தத் தாயும், ஊழியராயினும் வாடிக்கையாளராயினும், தான் இருக்கும் இடத்திலேயே குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், கேட்டால் அவளுக்குச் சாய்மானமுள்ள ஒரு நாற்காலி தரப்பட வேண்டும், அவளை எழுந்து போகச் சொல்லுகிற உரிமையாளர் அபராதம் கட்ட வேண்டும் என்று. அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே இதைக் கொண்டுவரலாம். எந்தக் கட்சியும் இதை எதிர்க்கக் காரணமில்லை.